ஒற்றிக்காணியும் ஈட்டுக்கடனும்

வீட்டுக் கடன் பற்றிய பேச்சு இல்லாமல் எம்மவர் கூடும் இடம் ரொறன்ரோவில் இல்லை. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் அதுதான் கதை. வட்டி எத்தனை வீதம், முற்பணம் எவ்வளவு, எந்த முகவர் கெதியாய் எடுத்துத் தருவார் என்பதோடு அந்தக் கதை முடிந்துவிடும். இந்தக் கடன் எங்கே பிறந்தது, யாருக்காகச் செய்யப்பட்டது, இதற்கு முன்னர் எங்கள் மண்ணில் நாங்கள் காணியை வைத்து எப்படிக் கடன்பட்டோம் என்று எவரும் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. இரண்டு வேலை செய்கிறவனுக்கு வரலாறு எதற்கு?

நானும் இரண்டு வேலை செய்கிறவன்தான். பகலில் ஓர் உணவகத்தின் சமையலறையிலும் இரவில் இன்னோர் உணவகத்தின் சமையலறையிலும் நிற்கிறேன். யாழ்ப்பாணத்தில் நான் படிக்கத் தொடங்கிய பாடம் வரலாறு. அது இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. இந்த வருடம் நானும் மனைவியுமாக வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கத் தாள்கள் சேர்த்தபோது, நின்றுபோன அந்தப் படிப்பு திரும்ப என்னைப் பிடித்துக்கொண்டது. கையெழுத்து வைக்கச் சொல்லும் தாளின் வயது என்ன என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்ததை எழுதுகிறேன்.

1. செத்த ஈடு

ஆங்கிலேயர் வாயில் புழங்கும் மோட்கேஜ் என்ற சொல் ஆங்கிலச் சொல் அல்ல. அது பழைய பிரெஞ்சு. 'மோர்' என்றால் செத்தது, 'காஜ்' என்றால் ஈடு. இரண்டும் சேர்ந்தால் செத்த ஈடு.

ஏன் செத்தது? இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. 15ம் நூற்றாண்டில் லிற்றில்ரன் என்ற ஆங்கில நீதிபதி சொன்ன விளக்கத்தையே பலரும் அறிவர்: கடன்பட்டவன் குறித்த நாளில் கட்டாவிட்டால் காணி அவனுக்குச் செத்துப்போகிறது, கட்டிவிட்டால் ஈடு பிடித்தவனுக்கு அது செத்துப்போகிறது. ஆனால் இதற்கு முந்நூறு வருடத்துக்கு முன்னர், 12ம் நூற்றாண்டின் இறுதியில், கிளான்வில் என்பவரின் பெயரில் வழங்கும் சட்டநூல் வேறொன்று சொல்கிறது. அதன்படி ஈட்டில் இரண்டு வகை. கடன் கொடுத்தவன் காணியின் விளைச்சலை எடுத்து, அதைக் கடனில் கழித்துக்கொண்டு வந்தால் அது உயிருள்ள ஈடு. விளைச்சலையும் எடுத்துக்கொண்டு, முதலிலும் ஒரு சதம் குறையாமல் நின்றால் அது செத்த ஈடு. வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவம் என்று விலக்கி வைத்திருந்த காலம் அது. செத்த ஈட்டை அரச நீதிமன்றம் தடைசெய்யவில்லை. ஆனால் அதுவும் ஒருவகை வட்டியே, பாவமே என்று அந்நூல் எழுதிவைத்தது.

இதை வாசித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் செத்த ஈடு என்று அந்த ஆங்கிலேயன் சொல்வதற்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு. அதன் பெயர் ஒற்றி.

2. தேசவழமையில் ஒற்றி

இளம் வாசகர்களுக்காக ஒற்றியை விளக்கிவிடுகிறேன். எனக்குப் பணமுடை. என்னிடம் ஆறு பரப்புத் தோட்டக்காணி உண்டு. விற்க மனமில்லை. அயலவர் ஒருவரிடம் பணத்தை வாங்கிக்கொண்டு காணியை அவர் கையில் கொடுக்கிறேன். அவர் அதில் வெங்காயம் வைப்பார், புகையிலை நடுவார், பனையிருந்தால் ஓலை வெட்டுவார். அந்தப் பலன் எல்லாம் அவருக்கு, அதுதான் வட்டி. வட்டிக் கணக்கு என்று தனியாக ஒன்று இல்லை. வாங்கிய முதலை நான் என்றைக்குத் திருப்பிக் கொடுக்கிறேனோ அன்றைக்குக் காணி எனக்கு மீளும். நான் செத்தால் மீட்கும் உரிமை என் பிள்ளைகளுக்கு.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாய்வழக்காக இருந்த இந்த முறையை எழுத்தில் கொண்டுவந்தவர்கள் ஒல்லாந்தர். ஆளுநர் கோர்னேலிஸ் யோவான் சீமோன்ஸ் கட்டளையிட, யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1706-1707ம் ஆண்டுகளில் எங்கள் வழமைகளைத் தொகுத்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டு 12 முதலிமாரிடம் கொடுக்கப்பட, அவர்கள் பார்த்துச் சரி என்றனர். அதுவே தேசவழமை. பின்னர் வந்த பிரித்தானியர் 1806ம் ஆண்டின் 18ம் இலக்கப் பிரமாணத்தால் அதைச் சட்டமாக ஏற்றனர்.

தேசவழமையில் ஒற்றிக்கு இடம் கொடுத்திருப்பதைப் பார்த்தால் அது எவ்வளவு புழக்கத்தில் இருந்தது என்று விளங்கும். ஒற்றியை நினைத்த நேரத்தில் மீட்கமுடியாது. பயிர் நிற்கும்போது பணத்தைக் கொண்டுவந்து நீட்டி, விளைந்ததை அள்ளிக்கொண்டு போக விடமாட்டார்கள், அறுவடை முடியவேண்டும். கடன்காரனின் தவணையைத் தீர்மானித்தது நாட்காட்டி அல்ல, பயிர். காணியை அறுதியாய் விற்க வந்தால், உரித்தாளிகளுக்கும் பங்காளிகளுக்கும் மட்டுமல்ல, காணியை ஈட்டில் வைத்திருக்கும் அயலவனுக்கும் முதலில் அறிவிக்கவேண்டும் என்றும் அந்த வழமை சொல்கிறது. 1947ம் ஆண்டின் சட்டம் இந்த உரிமையை உரித்தாளிகளோடும் பங்காளிகளோடும் சுருக்கியது.

ஒற்றி நல்லது, வங்கி கெட்டது என்று ஒரு பழங்கதை சொல்ல நான் வரவில்லை. அந்தத் தேசவழமையிலேதான் அடிமைகள் பற்றியும் ஓர் அத்தியாயம் உண்டு. காணியைப்போல மனிதரையும் உடைமையாக எண்ணிய வழமை அது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844ம் ஆண்டில். ஒற்றிக்கு வைக்கவும் ஒற்றிக்குப் பிடிக்கவும் காணி உள்ளவனால்தான் முடியும். அந்தக் காணியில் மண்வெட்டி பிடித்தவனுக்கு உறுதியும் இல்லை, ஒற்றியும் இல்லை. 'எங்கட ஊரிலை எல்லாரும் காணி பூமியோடை இருந்தனாங்கள்' என்று இங்கே பெருமை பேசுகிறவர்கள், அந்த 'எல்லாரும்' யார் என்பதை ஒருதரம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஒற்றி எப்போதும் புலம்பெயர்வோடு சேர்ந்தே போயிருக்கிறது என்பதும் கவனிக்கவேண்டியது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவுக்குப் போய்ப் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் வேலைபார்த்த யாழ்ப்பாணத்தவர் அனுப்பிய பணத்தில் எத்தனையோ ஒற்றிகள் மீண்டன. மலாயன் பென்சன்காரர் ஊருக்குத் திரும்பிக் காணி பிடித்தனர். எண்பதுகளில் சக்கரம் மறுபக்கம் சுற்றியது. பெடியனை வெளியில் அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டவென்று காணிகள் ஒற்றிக்குப் போயின. இன்று இங்கே வீடு வாங்குகிற எத்தனையோ பேர், ஊரில் ஓர் ஒற்றியின் மேல் ஏறி நின்று விமானம் பிடித்தவர்கள்.

3. ஒரு சாராயக் கடையில் தொடங்கிய வங்கி

மீண்டும் இங்கிலாந்துக்கு வருவோம். குறித்த நாளில் பணம் கட்டாவிட்டால் காணி போய்விடும் என்ற பழைய விதி மிகக் கொடியது. ஒருநாள் பிந்தினாலும் பத்து மடங்கு பெறுமதியான காணி பறிபோகும். 17ம் நூற்றாண்டில் சான்சரி என்ற நீதிமன்றம் இதில் தலையிட்டது. ஈடு என்பது கடனுக்குப் பிணை மாத்திரமே, காணியைப் பறிக்கும் உபாயம் அல்ல. நாள் தவறினாலும் முதலையும் வட்டியையும் செலவையும் கட்டினால் காணியை மீட்கலாம் என்று அது தீர்ப்புக் கூறத் தொடங்கியது. இந்த மீட்பு உரிமைதான் இன்றைய வீட்டுக் கடன் சட்டத்தின் முதுகெலும்பு. எங்கள் பாட்டன்மார் நீதிமன்றம் போகாமலே வைத்திருந்த உரிமைக்கு அங்கே ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது.

ஆனால் இவை எல்லாம் காணி படைத்தவனின் கதை. காணியே இல்லாத தொழிலாளி கடன்பட்டு வீடு கட்டும் கதை 1775ம் ஆண்டளவில் பர்மிங்காம் நகரில் தொடங்குகிறது. றிச்சர்ட் கெற்லி என்பவர் அங்கே 'கோல்டன் குறொஸ்' என்ற மதுவிடுதி நடத்தினார். அவரது விடுதியில் கூடியவர்கள் மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டார்கள். சேர்ந்த காசில் ஒவ்வொருவராக வீடு கட்டினார்கள். வீடு கிடைத்தவனும் கடைசி ஆளுக்கு வீடு கிடைக்கும்வரை கட்டிக்கொண்டு வரவேண்டும். எல்லாருக்கும் கிடைத்ததும் சங்கம் கலைந்துவிடும். இவைதாம் கட்டடச் சங்கங்கள். இவற்றுக்கெனத் தனிச் சட்டம் 1836ல் வந்தது. 1840களில் கலையாமல் நிரந்தரமாக நடக்கும் சங்கங்கள் தோன்றின. காசு போடுகிறவன் வேறு, கடன் எடுக்கிறவன் வேறு என்றானது அப்போதுதான். அங்கிருந்து வங்கிக்குத் தூரம் அதிகமில்லை.

வாசகர்களே, இது என்ன? இது சீட்டு. ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் எங்கள் அக்காமார் ஒரு கொப்பியும் பேனையுமாக நடத்துகிற அதே சீட்டு. இன்றைய வீட்டுக் கடன் வியாபாரத்தின் ஒரு கிளை, சாப்பாட்டுக் கடைபோன்ற ஓரிடத்தில் ஒருவரையொருவர் முகம் தெரிந்த தொழிலாளர் போட்ட சீட்டின் பேரப்பிள்ளை. சமையலறைத் தொழிலாளி என்ற முறையில் இதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. ஆனால் நான் கட்டிய சீட்டுக் காசை முற்பணத்தில் சேர்க்கப் போனபோது, இந்தக் காசு எங்கிருந்து வந்தது, எழுத்தில் தா என்று வங்கியில் கேட்டார்கள். பேரப்பிள்ளைக்குப் பாட்டனை அடையாளம் தெரியவில்லை.

4. கனடாவில் யாருக்கு வீடு

கனடாவின் வங்கிகள் எப்போதும் வீட்டுக் கடன் கொடுத்தவை என்று நாங்கள் நினைக்கிறோம். அப்படியல்ல. 1871ம் ஆண்டின் வங்கிச் சட்டம் காணியைப் பிணையாக வாங்கிக் கடன் கொடுப்பதை வங்கிகளுக்குத் தடைசெய்திருந்தது. காணியில் போட்ட பணம் அவசரத்துக்குக் கைக்கு வராது என்பது காரணம். காப்புறுதிக் கொம்பனிகளும் நம்பிக்கைப் பொறுப்புக் கொம்பனிகளும் தனிப்பட்டவர்களுமே கடன் கொடுத்தனர்.

முப்பதுகளின் பெருமந்தம் நிலைமையை மாற்றியது. வேலையில்லாதவர்க்கு வேலை வேண்டும், கட்டட வேலை நடக்கவேண்டும் என்று 1935ல் டொமினியன் வீடமைப்புச் சட்டம் வந்தது. போர் முடிந்து படையினர் திரும்பியபோது வீடு இல்லை. 1946 ஜனவரி முதலாம் திகதி மத்திய ஈட்டுக்கடன், வீடமைப்புக் கூட்டுத்தாபனத்தை அரசு தொடங்கியது. 1954ல் அரசு கடன்களுக்குக் காப்புறுதி கொடுக்க முன்வந்து, அப்படிக் காப்புறுதி செய்யப்பட்ட வீட்டுக் கடனை வங்கிகளும் கொடுக்கலாம் என்றது. வங்கிகள் வாங்கக்கூடிய வட்டிக்கு 6 வீதம் என்ற உச்சவரம்பு அப்போது இருந்தது. சந்தை வட்டி அதைத் தாண்டியதும் வங்கிகள் பின்வாங்கின. 1967ல் அந்த வரம்பு நீங்கி, காப்புறுதி இல்லாத வீட்டுக் கடனுக்கும் வழி திறந்தது. ஆக, வங்கியில் போய் வீட்டுக் கடன் கேட்கும் வழக்கம் எங்கள் அப்பாமாரின் வயதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தக் காப்புறுதியின் கட்டணத்தைக் கட்டுபவர் கடன் எடுப்பவர். காப்பாற்றப்படுபவர் கடன் கொடுப்பவர். 5 வீத முற்பணத்தோடு வாங்கினால் கட்டணம் கடன் தொகையில் 4 வீதம். எம்மவரில் பலர் வேலை போனால் இந்தக் காப்புறுதி தங்களைக் காக்கும் என்று நம்பியிருக்கிறார்கள். அது காப்பது வங்கியை.

யாருக்கு வீடு கிடைக்கக்கூடாது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. இந்த நாட்டில் பல காணி உறுதிகளில், யூதருக்கும் கறுப்பருக்கும் 'விரும்பத்தகாத' இனத்தவருக்கும் இந்தக் காணியை விற்கக்கூடாது என்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. 1945ல், ரொறன்ரோவின் கிழக்கே ஈஸ்ட் யோர்க்கில் தொழிலாளர் கல்விச் சங்கம் வாங்கிய ஒரு காணியின் உறுதியில் இப்படி ஒரு வரி இருந்தது. ட்றமண்ட் றென் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் ஒன்ராறியோ நீதிபதி கீலர் மக்கே அந்த நிபந்தனை செல்லாது என்றார். ஹியூறன் ஏரிக்கரைக் காணி ஒன்று பற்றி நோபிள் எதிர் அலி என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1950ல் அங்கும் அத்தகைய நிபந்தனை தோற்றது. ஈஸ்ட் யோர்க்கை அடுத்திருப்பது ஸ்காபரோ. அங்கே இன்று வீட்டுவாசலில் மாவிலை கட்டுகிற எங்களில் எத்தனை பேருக்கு, இந்த வழக்குகளில் எங்கள் கதவும் திறந்தது என்று தெரியும்?

5. எம்மவர் வந்த காலம்

1986 ஆகஸ்ற் மாதத்தில் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டனர். அதற்கு முன்னும் பின்னும் வந்தவர்கள் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் ஓர் அறைக்கு நாலைந்து பேராகக் கிடந்தனர். அவர்கள் வீடு வாங்கத் தொடங்கிய காலம் விசித்திரமானது. 1981ல் வீட்டுக் கடன் வட்டி 20 வீதத்தைத் தாண்டியிருந்தது. 1989ல் ரொறன்ரோ வீட்டு விலை உச்சிக்குப் போய் விழுந்து, 1996வரை எழும்பவில்லை. விலை விழுந்த அந்த நேரத்தில், 1992ல், முதல் வீடு வாங்குவோருக்கு 5 வீத முற்பணம் போதும் என்று அரசு விதியைத் தளர்த்தியது. கையில் குறைந்த காசும் பின்னால் பெரிய குடும்பமும் வைத்திருந்த எம்மவருக்கு அந்த வாசல் போதுமாக இருந்தது. ஒரு வீட்டில் இரண்டு குடும்பம், நிலக்கீழ் அறையில் ஒரு வாடகைக் குடும்பம். அப்படித்தான் கட்டினார்கள்.

என் தலைமுறை வந்த வாசல் வேறு. 2020 மார்ச் தொடங்கி 2022 மார்ச்வரை மத்திய வங்கியின் வட்டி கால் வீதத்தில் நின்றது. 2023 யூலைக்குள் அது 5 வீதமாக ஏறிவிட்டது. 2024 யூனில்தான் குறையத் தொடங்கியது. இதைச் சமையலறைக் கணக்கில் சொல்கிறேன். 500,000 டொலர் கடன், 25 வருடம். வட்டி 2 வீதமானால் மாதத் தவணை ஏறத்தாழ 2,117 டொலர். 5 வீதமானால் 2,908 டொலர். இந்த 791 டொலர் வித்தியாசம் ஒரு தட்டுக் கழுவுபவனின் எத்தனை நாட் சம்பளம் என்று அவரவர் பார்த்துக்கொள்ளலாம். 5 வீதத்தில் முதலாம் மாதம் கட்டுகிற 2,908ல் 2,062 டொலர் வட்டிக்குப் போகிறது. முதலில் கழிவது 846 டொலர் மாத்திரம். 25 வருடத்தில் கட்டி முடிக்கும் மொத்தம் 872,000 டொலருக்கு மேல்.

இது உயிருள்ள ஈடுதான், முதல் கரைகிறது. ஆனால் எவ்வளவு மெதுவாகக் கரைகிறது!

இன்னொரு கணக்கும் உண்டு. 2016ல் காப்புறுதிக் கடன்களுக்கும் 2018ல் மற்றவற்றுக்குமாக வந்த விதியின்படி, தருகிற வட்டியைக் கட்டமுடியும் என்று காட்டினால் போதாது. அதற்கு மேலான ஒரு வட்டியைக் கட்டமுடியும் என்றும் காட்டவேண்டும். 5 வீதக் கடனுக்கு 7 வீதத்தில் கணக்குப் பார்த்தால் தவணை 3,502 டொலர். வீட்டுச் செலவு மொத்த வருமானத்தில் 39 வீதத்தைத் தாண்டக்கூடாது என்ற காப்புறுதி விதிக்கு, வீட்டு வரியையும் சூடாக்கும் செலவையும் சேர்க்காமலே வருட வருமானம் 107,000 டொலருக்கு மேல் வேண்டும். ஒரு சமையலறைச் சம்பளத்தில் இது நடவாது. இரண்டு சம்பளத்திலும் நெருக்கித்தான் வரும்.

இந்த இடைவெளியில்தான் கள்ளத் தாள் பிறக்கிறது. எனக்கும் ஒருவர் சொன்னார்: நீ மனேஜர் என்று ஒரு கடிதம் எடுத்துத் தரலாம், சம்பளத்தை ஏற்றிப் போடலாம், எல்லாரும் செய்கிறதுதானே. நான் வேண்டாம் என்றேன். ஒழுக்கப் பிரசங்கம் செய்ய இதைச் சொல்லவில்லை. கட்டமுடியாது என்று கணக்குச் சொல்கிற தவணையைக் கடிதம் கட்டப்போவதில்லை. கையெழுத்து என்னுடையது, அவருக்குத் தரகு.

6. எதை ஈடு வைக்கிறோம்

என்னோடு வேலை செய்யும் ஒரு பெரியவர் முப்பது வருடத்துக்கு முன்னர் இங்கே வீடு வாங்கியவர். என் தாள்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஊரிலை காணியை ஒற்றிக்கு வைச்சால் போறது காணிதான். இஞ்சை நீ உன்னையெல்லே ஒற்றிக்கு வைக்கிறாய்."

வரலாறும் சட்டமும் அவர் பக்கமே நிற்கின்றன. ஒற்றியில் காணிதான் கடனைச் சுமக்கும். காணியைக் கையில் கொடுத்தவன் எங்கே போனான், எவ்வளவு உழைத்தான் என்று ஒற்றி பிடித்தவர் கேட்கத் தேவையில்லை. இன்றைய ஈட்டுக்கடனில் காணி என் கையில் இருக்கும். 1984ம் ஆண்டின் ஒன்ராறியோச் சட்டத்துக்குப் பிறகு உரித்துக்கூட வங்கிக்கு மாறுவதில்லை, உறுதியின் மேல் ஒரு பொறுப்பு எழுதப்படுகிறது, அவ்வளவுதான். ஆனால் விண்ணப்பத்தாள் காணியைப் பற்றிக் கேட்பது ஒரு பக்கம் என்றால் என்னைப் பற்றிக் கேட்பது பத்துப் பக்கம். எத்தனை வருடம் ஒரே இடத்தில் வேலை, வரிக் கணக்கில் என்ன, கடன் அட்டையில் எவ்வளவு நிலுவை, ரிப்ஸ் காசு பதிவில் உண்டா. சமையலறையில் நிற்கிறவனுக்கு ரிப்ஸ் பங்கு காசாக, கையில் வருகிறது. பதிவில் இல்லாதது வருமானமே அல்ல. பிணையாக நிற்பது எனது வருங்கால 25 வருடத்து முதுகும் கைகளும்.

தவணை தவறினால் நடப்பதையும் தெரிந்து வைத்திருக்கவேண்டும். ஒன்ராறியோவில் வங்கிகள் பெரும்பாலும் பயன்படுத்துவது, ஈட்டு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் விற்கும் அதிகாரத்தை. தவணை தவறி 15 நாள் கழிந்தால் விற்பனை அறிவித்தல் அனுப்பலாம். பிறகு மீட்பதற்குக் குறைந்தது 35 நாள். அதற்குள் நிலுவையையும் செலவையும் கட்டினால் மீளலாம். கட்டாவிட்டால் வீடு விற்கப்படும். விற்று மிஞ்சினால் மிச்சம் எங்களுக்குரியது. குறைந்தால் அந்தக் குறையையும் நாங்களே கட்டவேண்டும். வீடு போன பின்னும் கடன் போகாது. அந்தக் கடனுக்குச் சேர்ந்து கையெழுத்து வைத்த மச்சானையும் சிநேகிதனையும் அது தேடிப் போகும். விலை விழுந்த தொண்ணூறுகளில் எத்தனை உறவுகள் இப்படி அறுந்தன என்று மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1880ல் கனடாவில் வந்த ஒரு வட்டிச் சட்டம் எங்களுக்கு உதவியாக இன்னும் நிற்கிறது. எத்தனை நீண்ட கடனானாலும் ஐந்து வருடம் கழிந்தால், மூன்று மாத வட்டியை மேலதிகமாகக் கொடுத்துக் கடனை முழுதாக அடைத்து வெளியேறும் உரிமையைத் தனிமனிதருக்கு அது கொடுத்தது. இந்த நாட்டில் ஐந்து வருடத் தவணை இவ்வளவு வழக்கமானதற்கு அதுவும் ஒரு காரணம் என்பர். 17ம் நூற்றாண்டு மீட்பு உரிமையின் தம்பி அது.

7. மீளாத ஒற்றி

கடைசியாக ஓர் ஒற்றியின் கதை. எங்கள் குடும்பத்துக் கதைதான். ஆனால் வலிகாமம் வடக்கில் இப்படி நிறைய உண்டு.

1988ல் அம்மப்பா மாமாவை வெளியில் அனுப்ப ஆறு பரப்புத் தோட்டக்காணியை அயலவர் ஒருவருக்கு 40,000 ரூபாவுக்கு ஒற்றி வைத்தார். நொத்தாரிசு முன்னால் எழுதிய உறுதி. ஒற்றி பிடித்தவர் அதில் ஒரு போக வெங்காயம் எடுத்தார். 1990 யூனில் பலாலி முகாமிலிருந்து இராணுவம் விரிந்தது. இரண்டு குடும்பமும் ஒரே நாளில் ஓடின. காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. ஒற்றி பிடித்தவருக்கு விளைச்சல் இல்லை. வைத்தவருக்கு மீட்கக் காணி இல்லை. பயிரை வைத்துத் தவணை சொன்ன தேசவழமை, பயிரே வைக்கமுடியாத இருபத்தேழு வருடத்துக்கு என்ன சொல்லும்?

காணி 2017ல் விடுபட்டது. அம்மப்பாவும் இல்லை, அயலவரும் இல்லை. அயலவரின் மகள் வன்னி முழுவதும், முள்ளிவாய்க்கால்வரை, ஒரு பொலித்தீன் பைக்குள் அந்த ஒற்றி உறுதியைக் கொண்டு திரிந்திருக்கிறார். அதைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்துச் சொன்னாராம்: "அக்கா, அப்பா ஒரு போகந்தான் எடுத்தவர். மிச்சத்துக்கு நாங்கள் ஒரு வெங்காயமும் பிடுங்கேல்லை." அம்மா 40,000 ரூபாவைக் கொடுத்திருக்கலாம்; உறுதியில் உள்ள முதல் அதுதான். 1988ன் 40,000 என்ன, 2017ன் 40,000 என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்து பேசி நாலு இலட்சம் என்று முடித்தார்கள். நொத்தாரிசிடம் போய் ஒற்றியை மீட்டார்கள்.

இலங்கையில் 10 வருடம் ஒருவர் எதிர்ப்பின்றிக் காணியை ஆண்டால் உரிமை கோரலாம் என்ற பழைய ஆட்சியுரிமைச் சட்டம் இடம்பெயர்ந்தோரின் காணியை விழுங்காமல் இருக்க, 2016ல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது அதன் சாரம். அதற்கும் ஒரு காலக்கெடு இருந்தது. ஆனால் எங்கள் ஆறு பரப்பைத் தீர்த்துவைத்தது எந்தச் சட்டமும் அல்ல. ஒரு பெண் உறுதியை எறியாமல் வைத்திருந்தார். இன்னொரு பெண் அதிலுள்ள எண்ணுக்குப் பின்னால் ஒளியவில்லை.

இங்கே நான் கையெழுத்து வைக்கப்போகும் தாளில் இப்படி இருந்து பேச இடமில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்து வைக்கவேண்டும். வைக்கவேண்டாம் என்று எவருக்கும் சொல்லமாட்டேன். இரண்டு பிள்ளைகளோடு வருடாவருடம் வாடகைக்கு அலைவது எப்படியென்று எனக்கும் தெரியும். என்ன வட்டி என்று கேட்பதோடு நிற்காமல், எதை ஈடு வைக்கிறேன், எப்படி மீள்வேன், யாரைக் கூட இழுத்து நிறுத்துகிறேன் என்ற மூன்றையும் கேட்டுவிட்டு வைக்கலாம்.

இன்னுமொன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு அலுமாரியில், பெட்டியின் அடியில், பழைய ஒற்றி உறுதிகள் இருக்கலாம். தொண்ணூறுகளில் கட்டிய சீட்டுக் கொப்பிகள் இருக்கலாம். முதல் வீட்டின் கடன் தாள் இருக்கலாம். மீட்டாயிற்று, கட்டியாயிற்று என்று எறிந்துவிடாதீர்கள். அரசர்களின் கல்வெட்டை வாசிக்க ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் எப்படிக் கடன்பட்டோம், எப்படி மீண்டோம் என்பதை வாசிக்க அந்தக் கொப்பிகளும் உறுதிகளும் மாத்திரமே இருக்கின்றன.